ஆளைப் பார்த்து விலை சொல்லும் கைப்பேசி

ஒரே பொருள், ஒரே கடை, ஒரே நாள். ஆனால் உங்களுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. நம்மைப் பற்றிய தகவல்களை வைத்து விலையை முடிவு செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவிவருகிறது. கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் இருக்கும் நம் குடும்பங்கள் இதில் கவனிக்க வேண்டியது என்ன?

அண்ணன் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறார். தங்கை ஷா ஆலாமில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு மிக்சி வாங்கித் தரலாம் என்று இருவரும் ஒரே இரவில், ஒரே செயலியில், ஒரே மிக்சியைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இருக்கும் விலை இருவருக்கும் ஒன்றுதான். தங்கையின் திரையில் மட்டும் '20 ரிங்கிட் கழிவு, இன்று நள்ளிரவு வரை' என்று ஒரு வவுச்சர் மின்னுகிறது. அண்ணனுக்கு அது வரவில்லை. இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளாவிட்டால், தான் 20 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தோம் என்பது அண்ணனுக்குக் கடைசி வரை தெரியாது.

தங்கைக்கு ஏன் அந்தச் சலுகை கிடைத்தது? அவர் அந்தச் செயலிக்குப் புதியவராக இருக்கலாம். இரண்டு நாளாகப் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் இருந்திருக்கலாம். வேறு கடைகளிலும் தேடிப் பார்த்திருக்கலாம். அண்ணனோ எதைத் தேடினாலும் உடனே வாங்கிவிடுபவராக இருக்கலாம். சலுகை கொடுக்காமலேயே வாங்கிவிடுவார் என்று தெரிந்த ஒருவருக்கு எதற்குச் சலுகை? கணினி போடும் கணக்கு இவ்வளவுதான்.

இதைத்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'கண்காணிப்பு விலை' என்ற பொருள் தரும் பெயரால் அழைக்கிறார்கள். பெயர் புதியது. ஆளைப் பார்த்து விலை சொல்வது என்னவோ நமக்குப் பழக்கமான ஒன்றுதான்.

555 புத்தகமும் தோட்டத்துக் கடையும்

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தில்தான் அரிசி, பருப்பு, மீன் டின், மண்ணெண்ணெய் எல்லாம் வரிசையாக ஏறும். சம்பளம் போட்ட அன்று கணக்குத் தீர்க்கப்படும். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும்.

அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. யாருக்கு என்றைக்குச் சம்பளம், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் நோய், யார் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கக் கூடியவர், யார் இந்தக் கடையை விட்டால் வேறு கதியில்லாதவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மழைக் காலத்தில் பால் வெட்டு இல்லாத வாரங்களில், அடுப்பு எரிய அரிசி அளந்து கொடுத்தவரும் அவர்தான். கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்ட கடைகளும் இருந்தன. ஒருவரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருப்பது உதவியாகவும் முடியும், சுமையாகவும் முடியும் என்பதைத் தோட்டத்து மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இந்த ஆபத்தை நம் நாட்டுச் சட்டமும் அறிந்திருந்தது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 26ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தொழிலாளி தன் சம்பளத்தை எந்த இடத்தில், எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது. முதலாளி தோட்டத்தில் கடை வைக்கலாம். ஆனால் அங்கேதான் வாங்க வேண்டும் என்று தொழிலாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

இந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவரே சாமானையும் விற்று, போவதற்கு வேறு கடையும் இல்லாவிட்டால், விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு எல்லை இருக்காது. விற்பவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது ஒன்று. நமக்கு வேறு வழி இல்லாதிருப்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஏழையின் பை காலியாகிறது. கைப்பேசிக் காலத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

நேர விலை வேறு, ஆள் விலை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விலை மாறுவதெல்லாம் நம்மை உளவு பார்த்து மாற்றியதாக ஆகிவிடாது.

மாலை ஆறு மணிக்கு, கொட்டும் மழையில், இ-ஹெய்லிங் கார் அழைத்தால் கட்டணம் ஏறுகிறது. கார் குறைவு, அழைப்பவர் அதிகம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அழைக்கும் எல்லாருக்கும் அது ஏறுகிறது. இது நேரத்துக்கு ஏற்ற விலை. தீபாவளிக்கு முதல் நாள் சந்தையில் மல்லிகைச் சரம் விலை ஏறுவது போன்றதுதான்.

விமான டிக்கெட்டும் பெரும்பாலும் இப்படித்தான். திருச்சிக்கு டிக்கெட் தேடிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் விலை ஏறியிருக்கிறது. 'நாம் தேடியதைப் பார்த்து ஏற்றிவிட்டார்கள்' என்று பலர் நம்புகிறார்கள். விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை எல்லாருக்கும் காட்டப்படும். பெரும்பாலான நேரங்களில் காரணம் அதுதான்.

ஆள் விலை இதிலிருந்து வேறுபட்டது. ஒரே நேரத்தில், ஒரே பொருளுக்கு, பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து விலையோ சலுகையோ மாறுவது அது. அதற்கு வேண்டிய தகவல்களை நாமே கொடுக்கிறோம். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, கைப்பேசியின் வகை, எந்த நேரத்தில் வாங்குகிறோம், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனோம், மாதத்தில் எந்தத் தேதியில் அதிகம் செலவழிக்கிறோம் எனப் பட்டியல் நீளும். இவற்றை வைத்து 'இவர் எவ்வளவு வரை கொடுப்பார்?' என்று கணினி ஊகிக்கிறது. பெரும்பாலும் தனி ஒருவரை அறிந்து அல்ல, 'இவரைப் போன்றவர்கள்' என்று ஒரு கூட்டத்தில் நம்மைச் சேர்த்துத்தான் இந்த ஊகம் நடக்கிறது.

அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் இத்தகைய சேவைகளோடு தொடர்புடைய எட்டு நிறுவனங்களிடம் விவரம் கேட்டது. 2025 ஜனவரியில் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. வாங்குபவர் இருக்கும் இடம், இணையத்தில் அவர் பார்த்தவை, கூடையில் போட்டுவிட்டுப் போன பொருள்கள் ஆகியவை மட்டுமல்ல, ஒரு பக்கத்தில் சுட்டி எப்படி நகர்கிறது என்பது வரை விலையையும் சலுகையையும் ஆளுக்கேற்ப மாற்றப் பயன்படுத்த முடியும் என்று அதில் சொல்லப்பட்டது.

வெளியே தெரிந்த சில கதைகள்

இது இன்று நேற்று தொடங்கியதல்ல. 2000ஆம் ஆண்டிலேயே அமேசான் சில டிவிடி படங்களை வெவ்வேறு ஆள்களுக்கு வெவ்வேறு விலையில் விற்றது. வாங்கியவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது ஆளைப் பார்த்து வைத்த விலை அல்ல, குலுக்கல் முறையில் செய்த சோதனை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அதிக விலை கொடுத்த 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது.

2012இல் ஆர்பிட்ஸ் என்ற பயண நிறுவனத்தின் கதை வெளியானது. ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 30 விழுக்காடு வரை அதிகம் செலவழிக்கிறார்கள் என்று அது கண்டுபிடித்தது. அதனால் அவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்வரிசையில் காட்டத் தொடங்கியது. ஒரே அறைக்கு இரண்டு விலை வைக்கவில்லை. மலிவான அறையைக் கீழே தள்ளியதோடு சரி. விலையை மாற்றாமலேயே வாங்குபவரை விலை கூடிய பொருளின் பக்கம் திருப்ப முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடியின் செயலியை மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு தொலைக்காட்சி நிலையம் 2019இல் சோதித்தது. கார் நிறுத்துமிடத்தின் தூரத்து மூலையில் நின்று பார்த்தபோது 499.99 டாலர் என்று காட்டிய தொலைக்காட்சிப் பெட்டி, கடைக்குள் போனதும் 599.99 டாலர் ஆனது. கடைக்குள் வந்துவிட்டவர் எப்படியும் வாங்குவார் என்பது கணக்கு. கலிபோர்னியாவின் சில மாவட்ட வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில் 2022இல் அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இளைஞர்களுக்குத் தெரிந்த டிண்டர் செயலியை ஆஸ்திரேலியாவின் 'சாய்ஸ்' பயனீட்டாளர் அமைப்பு 2020இல் 60 பேரை வைத்துச் சோதித்தது. ஒரே சந்தாவுக்கு 6.99 ஆஸ்திரேலிய டாலர் முதல் 34.37 டாலர் வரை வெவ்வேறு விலைகள் காட்டப்பட்டன. வயது கூடியவர்களுக்கு விலையும் கூடியிருந்தது.

விசுவாசமான வாடிக்கையாளருக்கு விலை குறையும் என்றுதான் நாம் நம்புகிறோம். சீனாவில் நடந்தது வேறு கதை. சிட்ரிப் என்ற பயணச் செயலியில் உயர்நிலை உறுப்பினராக இருந்த ஒரு பெண் 2020இல் ஓர் ஹோட்டல் அறைக்கு 2,889 யுவான் கட்டினார். அறையைக் காலி செய்யும்போது ஹோட்டலில் அதன் விலை 1,377.63 யுவான்தான் என்று தெரிந்தது. வழக்குப் போட்டார், 2021இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பழகிய வாடிக்கையாளரிடம் தரவுகளை வைத்துக் கூடுதல் கறப்பதற்குச் சீன மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. 'தெரிந்தவனையே அறுப்பது' என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

இந்தியாவில், ஐபோனில் பார்த்தால் ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டில் பார்த்தால் ஒரு கட்டணம் என்று பயணிகள் எழுப்பிய புகாரின் பேரில் மத்திய பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் ஓலா, ஊபர் நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது. அப்படிச் செய்வதில்லை என்று இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

யாரிடம் அதிகம் வாங்குகிறார்கள்?

ஆள் பார்த்து விலை வைத்தால் பணக்காரரிடம் அதிகம் வாங்குவார்கள், ஏழைக்குக் குறைப்பார்கள், அதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2012 டிசம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் ஸ்டேப்பிள்ஸ் என்ற அமெரிக்க எழுதுபொருள் கடையின் இணையத்தளத்தைச் சோதித்தது. ஒரே ஸ்டேப்ளர் ஓர் இடத்தில் இருந்தவருக்கு 15.79 டாலர், சில மைல் தள்ளி இருந்தவருக்கு 14.29 டாலர். என்ன வேறுபாடு என்று ஆராய்ந்தார்கள். போட்டிக் கடை ஒன்று சுமார் 20 மைலுக்குள் இருந்தால் பெரும்பாலும் விலை குறைவு. பக்கத்தில் போட்டிக் கடை இல்லாவிட்டால் விலை கூடுதல். இதன் விளைவாக, குறைந்த விலை காட்டப்பட்ட வட்டாரங்களின் சராசரி வருமானம், கூடுதல் விலை காட்டப்பட்ட வட்டாரங்களைவிட அதிகமாக இருந்தது. ஏழைகளிடம் அதிகம் வாங்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. வேறு கடை இல்லாதவரிடம் அதிகம் வாங்கு என்று கணினிக்குச் சொன்னாலே போதும், அது ஏழையின் வாசலில் போய்த்தான் நிற்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் படத்தை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஐந்து நிமிடத் தூரத்தில் மூன்று பேரங்காடிகள். பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே, 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கிய தென்னமரம் தோட்டம் இருக்கும் பக்கத்திலோ, புக்கிட் ரோத்தான், ஜெராம் உட்புறங்களிலோ, உலு சிலாங்கூர்ச் செம்பனைக் காடுகளுக்கு நடுவிலோ இருப்பவருக்கு, மின்சாரச் சாமான் ஒன்று வாங்கக் காரோ மோட்டார் சைக்கிளோ எடுத்துப் புறப்பட வேண்டும். செயலிதான் அவருக்குப் பட்டணத்துக் கடை. 45600 என்ற அஞ்சல் குறியீட்டைப் பார்த்தாலே, இவருக்குப் பக்கத்தில் பெரிய கடை எத்தனை, பொருள் போய்ச்சேர எத்தனை நாள் என்று ஒரு கணினியால் ஊகிக்க முடியும்.

மலேசியாவில் எந்தக் கடையாவது அஞ்சல் குறியீட்டைப் பார்த்து விலையை மாற்றுகிறது என்று இங்கே குற்றம் சாட்டவில்லை. அந்தத் தகவல் அவர்கள் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வழியும் உலகில் இருக்கிறது என்பதே சொல்ல வருவது.

ஊர் மட்டுமல்ல, வயதும் பழக்கமும் இதில் சேரும். இரண்டு மூன்று செயலிகளை ஒப்பிட்டு, வவுச்சர் சேகரித்து, நள்ளிரவு விற்பனைக்குக் காத்திருந்து வாங்கும் பிள்ளைக்குச் சலுகை தேடி வருகிறது. மகன் போட்டுக் கொடுத்த ஒரே செயலியில், முதலில் தெரிவதை அழுத்தி வாங்கும் அம்மாவுக்கு முழு விலை. தேடத் தெரியாதது அவருக்கு ஒரு கூடுதல் கட்டணமாகிவிடுகிறது.

நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஆள் விலைகள்

ஆள் விலை மலேசியாவுக்கு வரவில்லை என்று நினைக்க வேண்டாம். நாம் எல்லாரும் கட்டும் இரண்டு விலைகள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன.

முதலாவது, கார் காப்புறுதி. முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணப் பட்டியல் இருந்தது. காரின் இயந்திரத் திறன், அதன் வயது, காப்புறுதித் தொகை ஆகியவற்றை வைத்துச் சந்தா முடிவாகும். 2017 ஜூலை 1 முதல் பேங்க் நெகாரா விரிவான காப்புறுதிக்கும், திருட்டு, தீ ஆகியவற்றைச் சேர்த்த மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் இந்தப் பட்டியலைத் தளர்த்தியது. அதன் பிறகு ஓட்டுநரின் வயது, அனுபவம், போக்குவரத்துக் குற்றப் பதிவு, கார் இருக்கும் இடம், காரின் பாதுகாப்புக் கருவிகள் போன்றவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி சேர்த்துப் பார்க்கலாம். ஒரே கார், ஒரே ஆள், மூன்று நிறுவனங்களில் மூன்று விலை வரலாம். கோல சிலாங்கூரில் இருந்து லத்தார் நெடுஞ்சாலை வழியாகத் தினமும் வேலைக்குப் போகும் இளையவர்கள் பலர், போன வருடம் புதுப்பித்த இடத்திலேயே இந்த வருடமும் கேட்காமல் புதுப்பிக்கிறார்கள். விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியதற்கான கழிவு தனியார் கார்களுக்கு 55 விழுக்காடு வரை போகும். அந்தக் கழிவு காப்புறுதி எடுத்தவருக்கு உரியது. நிறுவனத்தை மாற்றினாலும் கூடவே வரும்.

இரண்டாவது, பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில், தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட். திட்டம் தொடங்கியபோது மற்றவர்களுக்கு 2.60 ரிங்கிட். மைகாட்டை நீட்டினால் நீங்கள் யார் என்று இயந்திரம் பார்க்கிறது, விலை மாறுகிறது. இதுவும் தகவலை வைத்து ஆளுக்கு ஆள் மாறும் விலைதான்.

ஆனால் பெட்ரோல் நிலையத்தில் யாரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. யாருக்கு என்ன விலை என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாதத்துக்கு 300 லிட்டர் என்று தொடக்கத்தில் வைத்த அளவும் எல்லாருக்கும் தெரிந்ததே. நமக்கு உள்ள மீதியை நாமே பார்த்துக்கொள்ளலாம். தகுதி இல்லை என்று வந்தால் ஏன் என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. விலை ஆளுக்கு ஆள் மாறுவதை மட்டும் வைத்து அதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. எந்த விதியின்படி மாறுகிறது என்று நமக்குத் தெரிகிறதா, தவறு நடந்தால் கேட்க முடிகிறதா என்பவைதாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள். செயலி அனுப்பும் வவுச்சருக்கு இந்த இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் பதில் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்த மறைவை உடைக்கத்தான் பல நாடுகள் முயல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை வைத்தால் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சீனாவில் 2021 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தானியங்கிக் கணக்கை வைத்து விலையில் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. நியூயார்க் மாநிலம் இன்னும் நேரடியாகப் போனது. 2025இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, 'உங்கள் தனிப்பட்ட தரவைப் பயன்படுத்தி இந்த விலையை ஒரு கணினி நிரல் நிர்ணயித்தது' என்ற பொருளில் விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறது என்று கேட்டுப் பெறும் உரிமை அதில் இருக்கிறது. தவறைத் திருத்தச் சொல்லலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். நேரடி விளம்பரத்துக்கு நம் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் சொல்லலாம். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தால், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்தது. சிறைத் தண்டனையின் உச்ச வரம்பு இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகியது. தகவல் கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமையும் 2025 ஜூனில் வந்தது.

இவ்வளவு இருந்தும், 'உன் தகவலை வைத்துத்தான் இந்த விலையைக் காட்டினேன்' என்று வணிகர் சொல்லியாக வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்தில் இல்லை. கடைத் தட்டில் விலைச் சீட்டு ஒட்டுவதை நாம் கட்டாயமாக்கியிருக்கிறோம். அது ஒட்டப்பட்டிருப்பதால்தான் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரே விலையைப் பார்க்கிறார்கள். திரையில் தெரியும் விலைச் சீட்டை ஒருவர் மட்டுமே பார்க்கிறார். அங்கேதான் சட்டத்துக்கு வேலை இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆள் விலைக்குப் பெரிய எதிரி, வாங்குபவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது.

• நூறு ரிங்கிட்டுக்கு மேல் உள்ள பொருள் என்றால், வாங்குவதற்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திரைப்படம் எடுத்துப் போடுங்கள். 'உனக்கு என்ன விலை காட்டுகிறது?' என்று கேளுங்கள். யாருக்கு வவுச்சர் வந்திருக்கிறதோ அவர் வாங்கட்டும்.

• கணக்கில் நுழையாமல், உலாவியின் மறைநிலைப் பக்கத்தில் ஒருமுறை விலையைப் பாருங்கள். அஞ்சல் கட்டணம் சேர்த்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

• அவசரம் இல்லாத பொருளைக் கூடையில் போட்டு இரண்டு நாள் விடுங்கள். காத்திருப்பவரை இழுக்கச் சலுகை வரக்கூடும். 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று ஓடும் கடிகாரத்துக்குப் பயந்து வாங்க வேண்டாம்.

• கோடு போட்டு அடித்த 'பழைய விலை'யை நம்பிக் கழிவைக் கணக்கிடாதீர்கள். விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி காட்டுவது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

• கைப்பேசி அமைப்பில், கடைச் செயலிகளுக்கு இருப்பிட அனுமதியைப் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். தொடர்பு எண்கள், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கான அனுமதி ஒரு மளிகைச் செயலிக்குத் தேவையில்லை.

• உறுப்பினர் அட்டை விண்ணப்பத்தில் சம்பளம், பிள்ளைகளின் எண்ணிக்கை, அடையாள அட்டை எண் என்று கேட்டால், எது கட்டாயம் என்று கேளுங்கள். கட்டாயம் இல்லாததை வெறுமையாக விடலாம். வருடத்துக்குக் கிடைக்கும் புள்ளிகளை ரிங்கிட்டில் கணக்கிட்டுப் பார்த்து, அதற்கு இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

• கார் காப்புறுதி முடிய இரண்டு வாரத்துக்கு முன்பே, ஒரே காப்புறுதித் தொகைக்கு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள்.

• அப்பா அம்மாவின் கைப்பேசியை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அவர்கள் வழக்கமாக வாங்கும் நான்கைந்து பொருள்களின் விலையை உங்கள் கைப்பேசியில் தெரிவதோடு ஒப்பிடுங்கள்.

• ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், விலை தெரியும் திரைப்படத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். உள்நாட்டு வாணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் இ-அடுவான் தளத்தில் புகார் செய்யலாம். இழப்பைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் செய்தாலும் ஒரு குடும்பத்துக்கு மாதம் மிச்சமாவது சில பத்து ரிங்கிட்டாக இருக்கலாம். தோட்டத்திலும் தாமானிலும் மாதக் கடைசியில் அந்தச் சில பத்து ரிங்கிட்டின் அருமை தெரிந்தவர்கள் நாம். பிள்ளையின் பள்ளி பஸ் கட்டணத்துக்கும் அம்மாவின் மருந்துக்கும் அது உதவும்.

கைப்பேசியை விட்டுவிட முடியாது, விட வேண்டியதும் இல்லை. ஊருக்குள் கடை இல்லாத குடும்பங்களுக்கு அது தந்திருக்கும் வசதி பெரிது. நாம் கேட்பது ஒன்றுதான். பெட்ரோல் நிலையத்தில் இருப்பதுபோல், என் விலை எந்த விதியால் வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை உங்கள் தொகுதிப் பிரதிநிதி தாமானுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும்போது, சாலை, தண்ணீர்ப் பிரச்சினைகளோடு சேர்த்து இதையும் அவரிடம் கேளுங்கள்.